வெளியே பச்சை, உள்ளே சிவப்பு: பெரிய கம்பெனிகளைக் கவிழ்க்கும் 'தர்பூசணி' ரிப்போர்ட்!

திங்கட்கிழமை காலை ரிவ்யூ மீட்டிங். "புராஜெக்ட் எப்படிப் போயிட்டிருக்கு?" என்று கேட்கிறார் மேனேஜர். டீம் லீடருக்கு வயிற்றைக் கலக்குகிறது. பாதி வேலைகூட முடியவில்லை. ஆனாலும் அவர் வாயிலிருந்து வருவது என்னவோ, "எல்லாம் ஓகே சார்!" என்பதுதான்.

நீங்கள் ஐ.டி கம்பெனியில் இருந்தாலும் சரி, பேங்க்கிலோ பனியன் கம்பெனியிலோ வேலை பார்த்தாலும் சரி... இந்த மூன்று வார்த்தைகளைச் சொல்லாமலோ கேட்காமலோ ஒரு வாரத்தைக் கடந்திருக்க மாட்டீர்கள். ஐ.டி வட்டாரத்தில் இதற்குச் செல்லப் பெயரே உண்டு. 'தர்பூசணி ரிப்போர்ட்'. வெளியே பார்த்தால் பளிச்சென்று பச்சை. வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கச் சிவப்பு!

ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமை அதிகாரிக்கு என்னென்ன சவால்கள் என்று கேட்டால், போட்டி, ஏ.ஐ, செலவுக் குறைப்பு, நல்ல ஆள் கிடைக்காதது என்று பட்டியல் நீளும். எல்லாம் உண்மைதான். ஆனால், அதையெல்லாம் சமாளிக்க, முதலில் தன் கம்பெனிக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே! லட்சக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் இடத்தில், கெட்ட செய்தியைக் கடைசியாகக் கேள்விப்படும் ஆள் பெரும்பாலும் அவர்தான். கம்பெனி கவிழ்ந்த பிறகு, "எனக்கு யாருமே சொல்லவில்லையே" என்று அவர் சொன்னால், அதில் பாதி உண்மை இருக்கலாம். மீதிப் பாதி, ஏன் யாரும் சொல்லவில்லை என்ற கேள்வியில் இருக்கிறது.

இதற்கு நம்மூருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு கம்பெனியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஃபோர்டு.

எல்லா சார்ட்டும் பச்சை... நஷ்டம் 1,200 கோடி டாலர்!

2006-ம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் இருக்கும் டியர்பார்ன் நகரம். அங்குதான் ஃபோர்டின் தலைமை அலுவலகம். கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கும் மேல். நிறுவனர் ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் பில் ஃபோர்டுதான் அப்போது சி.இ.ஓ. 'இது என்னால் ஆகாது' என்று முடிவெடுத்து, செப்டம்பர் மாதம் வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். வந்தவர் ஆலன் முலாலி. கார் தொழிலில் வேலை பார்த்தவரே இல்லை. போயிங் நிறுவனத்தில் விமானம் செய்துகொண்டிருந்த இன்ஜினீயர்!

உள்ளேயிருந்த பெருந்தலைகளுக்கு இதில் அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. 'காரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்' என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது.

முலாலி செய்த முதல் காரியம், ஒரு மீட்டிங். வாரா வாரம் வியாழக்கிழமை, உலகெங்கும் இருக்கும் ஃபோர்டின் மேல்மட்ட அதிகாரிகள் எல்லோரும் அதில் கலந்துகொள்ள வேண்டும். போனை நோண்டக் கூடாது. பக்கத்து ஆளிடம் கிசுகிசுக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தன் பிரிவின் நிலவரத்தைத் தானே சொல்ல வேண்டும். அதற்கு மூன்று நிறங்கள். திட்டப்படி போகிறது என்றால் பச்சை. கொஞ்சம் இடிக்கிறது என்றால் மஞ்சள். சிக்கல் என்றால் சிவப்பு. நம்மூர் டிராஃபிக் சிக்னல் மாதிரிதான், பெரிய ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை.

வாரங்கள் ஓடின. வந்த சார்ட் எல்லாம் பச்சை. ஒன்றுவிடாமல் பச்சை!

முலாலி பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் கேட்டேவிட்டார். இந்த வருடம் கோடிக்கணக்கான டாலர் நஷ்டமாகப் போகிறது, அப்படியிருக்க சரியாகப் போகாத விஷயம் இங்கே ஒன்றுகூட இல்லையா என்று. பதில் இல்லை. எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்து ஃபோர்டில், மீட்டிங்கில் பிரச்னையை ஒப்புக்கொள்வது என்பது, பக்கத்து நாற்காலிக்காரரின் கையில் கத்தியை எடுத்துக்கொடுப்பது மாதிரி. பதவி உயர்வுக்குப் போட்டி போடும் ஒருவர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, சரியான நேரத்தில் குத்துவார். இப்படி ஓர் இடத்தில் இருபது, முப்பது வருடம் தாக்குப்பிடித்து மேலே வந்தவர்கள்தான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை காட்டுவதில் கெட்டிக்காரர்களாக இருந்ததால்தான் அந்த நாற்காலிவரை வந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

கைதட்டிய சி.இ.ஓ

அமெரிக்கப் பிராந்தியப் பிரிவுகளின் தலைவராக இருந்தவர் மார்க் ஃபீல்ட்ஸ். அடுத்த சி.இ.ஓ ஆகக்கூடும் என்று பேசப்பட்டவர். முலாலி வந்ததும், 'முதலில் காலியாகப்போவது இவர்தான்' என்றும் பேசப்பட்டவர். அவர் பொறுப்பில் 'எட்ஜ்' என்ற புது மாடல் கார், கனடாவின் ஓக்வில் ஆலையில் வெளிவரத் தயாராக இருந்தது. கம்பெனி பெரிதாக நம்பியிருந்த கார் அது. கடைசி நேரத்தில் ஒரு கோளாறு தெரியவந்தது. என்ன காரணம் என்று பிடிபடவில்லை. ஃபீல்ட்ஸ் வண்டிகளை வெளியே அனுப்பாமல் நிறுத்திவைத்தார்.

சரி, வியாழக்கிழமை மீட்டிங்கில் என்ன நிறம் காட்டுவது?

சிவப்பு காட்டினார்.

அறையில் சத்தமே இல்லை. 'இவர் கதை முடிந்தது' என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். ஃபீல்ட்ஸுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. முலாலி கைதட்டிக்கொண்டிருந்தார்!

நிலைமையைத் தெளிவாகக் காட்டியதற்காக ஃபீல்ட்ஸைப் பாராட்டிவிட்டு, இதற்கு யார் உதவ முடியும் என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார் முலாலி. ஒருவர் தன் பிரிவின் நிபுணர்களை அனுப்புவதாகச் சொன்னார். இன்னொருவர், இதே மாதிரிக் கோளாறை வேறொரு வண்டியில் பார்த்திருப்பதாகச் சொன்னார். பேச்சு முடியச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. நன்றாகக் கவனியுங்கள். தீர்வு அந்த அறைக்குள்ளேயேதான் இருந்தது. பிரச்னைதான் அதுவரை அறைக்குள் வரவே இல்லை.

அடுத்த வாரமே எல்லோரும் மனம் மாறிவிடவில்லை. மார்க் ஃபீல்ட்ஸ் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று பார்த்தார்கள். இருந்தார். அதே நாற்காலியில், அதே பதவியில். அதன்பிறகுதான் மற்றவர்களின் சார்ட்டுகளிலும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன.

அந்த ஒரு கைதட்டல்தான் ஃபோர்டைக் காப்பாற்றியது என்று சொன்னால், அது சினிமா. நடந்தது அதைவிடக் கடினம். 2006 இறுதியில் ஆலைகள், கம்பெனியின் நீல நிற லோகோ உட்பட எல்லாவற்றையும் அடமானம் வைத்து, 2,300 கோடி டாலருக்கும் மேல் கடன் ஏற்பாடு செய்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். 2008-ல் ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் நம் டாடா மோட்டார்ஸுக்கு 230 கோடி டாலருக்கு விற்றார்கள். 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் மனு போட்டபோது ஃபோர்டு போடவில்லை. அந்த ஆண்டு லாபமும் காட்டியது. ஆனால், எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது, எவ்வளவு கடன் வாங்குவது என்று முடிவெடுக்க, உண்மையான கணக்கு மேஜைக்கு வந்தாக வேண்டும். அதற்குத்தான் அந்தச் சிவப்பு.

அமைச்சர் வருகிறார் என்றால்...

சிவப்பு எப்படிப் பச்சையாகிறது? யாரும் பெரிய பொய் சொல்வதில்லை. அதுதான் இதில் விசேஷமே. ஆலையில் இருக்கும் சூப்பர்வைஸர் "சார், இது வேலைக்கு ஆகாது" என்கிறார். அவருடைய மேனேஜர் அதை "சில சிரமங்கள் உள்ளன" என்று எழுதுகிறார். ஜெனரல் மேனேஜரிடம் போகும்போது "சில சிரமங்கள் இருந்தாலும் சமாளித்துவிடலாம்" என்றாகிறது. வைஸ் பிரசிடென்ட்டின் பி.பி.டி-யில் "திட்டம் சரியான பாதையில் செல்கிறது". ஒவ்வொருவரும் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் ஊற்றினார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது பாலே இல்லை.

'நேரில் போய்ப் பார்க்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். அமைச்சர் வருகிறார் என்றால் நம்மூரில் என்ன நடக்கும்? ஒரே இரவில் ரோடு போடுவார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். சி.இ.ஓ ஆலைக்கு வருகிறார் என்றாலும் அதேதான். அவர் பார்ப்பது அவருக்காகவே தயாரிக்கப்பட்ட ஒரு நாள்.

இதில் மேலதிகாரிகளுக்குப் பிடித்தமான ஒரு வசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "என்கிட்ட பிரச்னையோட வராதீங்க, தீர்வோட வாங்க." கேட்க ரொம்ப ஸ்டைலாக இருக்கும். கேட்கும் ஊழியருக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான். தீர்வு தெரியாத பிரச்னையை வெளியே சொல்லாதே! ஆனால், ஆபத்தான பிரச்னைகளில் பல, தீர்வு தெரியாதவைதானே?

'பிரச்னை' என்று எழுதாதே!

ஃபோர்டு பிழைத்தது. பக்கத்து கம்பெனியில் உயிர்களே போயின.

ஜெனரல் மோட்டார்ஸின் கோபால்ட் உள்ளிட்ட சில மாடல் கார்களில், சாவி போடும் இக்னிஷன் ஸ்விட்ச் சரியாக இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, முழங்கால் பட்டாலோ, சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ ஸ்விட்ச் நழுவி இன்ஜின் அணைந்துவிடும். இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் போய்விடும். மோதினால் ஏர்பேக்கும் விரியாது. ஒரு டாலர்கூட ஆகாத பாகம் அது. கம்பெனியின் இன்ஜினீயர்களுக்கு இந்தக் கோளாறு பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே தெரியும். ஆனால், அதை 'வாடிக்கையாளருக்கு ஏற்படும் அசௌகரியம்' என்ற கணக்கில் வைத்திருந்தார்கள். பாதுகாப்புப் பிரச்னையாகப் பார்க்கவில்லை. கமிட்டி கமிட்டியாகப் பேசினார்கள். முடிவு மட்டும் எடுக்கவில்லை.

2014 ஜனவரியில் சி.இ.ஓ பொறுப்புக்கு வந்தார் மேரி பாரா. 18 வயதில் அதே கம்பெனியில் பயிற்சி மாணவியாகச் சேர்ந்து, படிப்படியாக உச்சிக்கு வந்தவர். வந்த மாதமே இந்தப் பூதம் கிளம்பியது. சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. 124 பேரின் மரணத்துக்கு இந்த ஸ்விட்ச் காரணம் என்று இழப்பீட்டு நிதியம் பின்னர் ஏற்றுக்கொண்டது.

முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வாலுகாஸ் தலைமையில் விசாரணை நடந்தது. 300 பக்கங்களைத் தாண்டிய அந்த அறிக்கை 2014 ஜூனில் வெளியானது. அதில் இரண்டு சொற்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. ஒன்று 'ஜி.எம் தலையாட்டல்'. மீட்டிங்கில் எல்லோரும் ஒரு முடிவுக்குத் தலையாட்டுவார்கள், அறையைவிட்டு வெளியே வந்ததும் ஒருவரும் அதைச் செய்ய மாட்டார்கள். இன்னொன்று 'ஜி.எம் சல்யூட்'. இரண்டு கைகளையும் குறுக்கே மடக்கி, விரல்களால் இடதுபுறம் இருப்பவரையும் வலதுபுறம் இருப்பவரையும் காட்டுவது. 'இது என் வேலை இல்லை, அவர் வேலை' என்று அர்த்தம். நம் அரசு அலுவலகங்களில் செக்ஷன் செக்ஷனாக அலைந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொரு விஷயம். 2008-ல் ஊழியர்களுக்குக் கொடுத்த ஒரு பயிற்சியில், ரிப்போர்ட்டில் எழுதக் கூடாத வார்த்தைகள் என்று 69 வார்த்தைகளின் பட்டியலே தந்திருக்கிறார்கள். 'டைட்டானிக்', 'மரணப்பொறி' போன்றவை அதில் இருந்தன. அதுகூடப் போகட்டும். 'பிரச்னை', 'பாதுகாப்பு', 'குறைபாடு' என்ற வார்த்தைகளும் இருந்தன! 'குறைபாடு' என்று எழுதாமல், 'வடிவமைத்தபடி செயல்படவில்லை' என்று எழுத வேண்டுமாம். நாளைக்குக் கோர்ட், கேஸ் என்று போனால் கம்பெனிக்குச் சிக்கல் வரக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. ஆனால், 'பிரச்னை' என்ற வார்த்தையையே எழுத முடியாத ஓர் இடத்தில், பிரச்னை எப்படி மேலே போகும்? அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு இதைத் தன் உத்தரவில் சேர்த்து, 3.5 கோடி டாலர் அபராதமும் விதித்தது. அடுத்த ஆண்டு நீதித்துறையுடன் 90 கோடி டாலருக்கு சமரசம்.

மேரி பாரா 15 பேரை வேலையைவிட்டு நீக்கினார். பாதுகாப்புக் குறையைக் கண்டால் யார் வேண்டுமானாலும் நேரடியாகச் சொல்லலாம் என்று ஒரு திட்டத்தையும் கொண்டுவந்தார். இரண்டும் தேவைதான். ஆனால், ஆள்களை நீக்கும்போது, 'மறைத்ததற்காக நீக்கினார்கள்' என்று மற்றவர்கள் புரிந்துகொள்கிறார்களா, 'மாட்டிக்கொண்டதால் நீக்கினார்கள்' என்று புரிந்துகொள்கிறார்களா என்பது எந்த சி.இ.ஓ-வின் கையிலும் முழுதாக இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் வரை வந்த பயம்

நோக்கியா கதை நம் வீட்டுக் கதை. ஒரு காலத்தில் உலகில் விற்ற பத்து செல்போன்களில் ஏறத்தாழ நான்கு நோக்கியா. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய ஆலையில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள். சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோன இளம்பெண்கள் அவர்களில் அதிகம்.

2007-ல் ஐபோன் வந்தது. நோக்கியா ஏன் தோற்றது என்று பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோ வுவோரியும், இன்சியாட் மேலாண்மைப் பள்ளியின் குய் ஹுயும் ஆராய்ந்தார்கள். உயரதிகாரிகள், நடுத்தர மேலாளர்கள், இன்ஜினீயர்கள் என 76 பேரிடம் பேசினார்கள். தங்கள் சாஃப்ட்வேர் ஐபோனுக்கு ஈடுகொடுக்காது என்பது கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால், அவர்களுக்கு மேலதிகாரிகள் மேல் பயம். கத்துவார்கள், பதவி இறக்கிவிடுவார்கள் என்ற பயம். மேலதிகாரிகளுக்கோ போட்டிக் கம்பெனிகள் மேலும் முதலீட்டாளர்கள் மேலும் பயம். அதனால், 'சீக்கிரம் முடியுங்கள்' என்று நெருக்கினார்கள். கீழே இருந்தவர்கள் 'முடித்துவிடலாம்' என்றார்கள். இரண்டு பயங்களும் சேர்ந்து, நடக்கவே முடியாத தேதிகளை எல்லோரும் நம்புகிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தன.

2013 செப்டம்பரில் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை வரி வழக்கில் சிக்கியிருந்ததால் அந்த விற்பனையில் சேர முடியாமல் போனது. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. ஆலை மூடியதற்கு நேரடிக் காரணம் வரி வழக்குதான், மறுக்கவில்லை. ஆனால், கம்பெனி விற்கிற நிலைக்கு வந்ததற்கான காரணங்களில் ஒன்று, பின்லாந்தின் மீட்டிங் அறைகளில் யாரும் வாய் திறக்காதது. அதற்கு விலை கொடுத்தவர்களில், அந்த அறைகளைப் பார்த்தே இராத காஞ்சிபுரத்துப் பெண்களும் இருந்தார்கள்.

தவறு அதிகம் என்றால் மோசமான டீமா?

ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன், 1990-களில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, மருத்துவமனைகளில் நர்ஸ் குழுக்களிடம் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையான, நல்ல தலைமை உள்ள குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன!

காரணம் என்ன என்று தோண்டியபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே தவறு அதிகமாக நடந்தது என்பதைவிட, நடந்த தவறை வெளியே சொன்னார்கள் என்பதுதான் காரணம். தலைமை நர்ஸ் எரிந்து விழும் வார்டுகளில், தவறு நடந்தாலும் ரெஜிஸ்டரில் ஏறவில்லை. பேப்பரில் மட்டும் பார்த்து விருது கொடுத்தால், எந்த வார்டுக்குக் கொடுப்பீர்கள்? எந்த வார்டில் உங்கள் அம்மாவைச் சேர்ப்பீர்கள்?

மேல்மட்ட அதிகாரிகளுக்கு இதுதான் பெரிய தலைவலி. புகாரே வராத பிரிவு, நன்றாக நடக்கும் பிரிவாகவும் இருக்கலாம், பயந்துபோன பிரிவாகவும் இருக்கலாம். எக்ஸல் ஷீட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கைதட்டலுக்கு மசியாத சிவப்பு

உண்மை மேலே வந்துவிட்டால் எல்லாம் சுபம் என்றும் இல்லை. முலாலி 2014-ல் ஓய்வு பெற, அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் அன்று சிவப்பு காட்டிய அதே மார்க் ஃபீல்ட்ஸ். மூன்றே ஆண்டுகளில், 2017 மே மாதம், அவரும் மாற்றப்பட்டார். 2021 செப்டம்பர் 9-ம் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மறைமலை நகர் ஆலையில் 2022-ல் கடைசி கார் வெளியே வந்தது. அந்தச் சிவப்பை யாரும் மறைக்கவில்லை. சரிசெய்யவும் முடியவில்லை. 2024 செப்டம்பரில், அதே ஆலையை ஏற்றுமதிக்கான உற்பத்திக்குப் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழக அரசிடம் கடிதம் கொடுத்தது ஃபோர்டு.

நாற்காலியில் இருப்பவர்களின் விஷயம் இது. 'நான் சாதாரண ஊழியர், என் கம்பெனியில் பெரிய தப்பு நடக்கிறது, யாரிடம் சொல்வது?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 177-வது பிரிவின்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்திலும் இயக்குநர்களும் ஊழியர்களும் புகார் சொல்ல 'விஜில் மெக்கானிசம்' என்ற ஏற்பாடு இருக்க வேண்டும். புகார் சொல்பவரைப் பழிவாங்காமல் பாதுகாப்பதும் அதில் அடக்கம். தேவைப்பட்டால் உங்கள் மேனேஜரையும், அவருடைய மேனேஜரையும் தாண்டி, தணிக்கைக் குழுவின் தலைவரையே நேரடியாக அணுக முடியும். இந்த விவரத்தை நிறுவனம் தன் வெப்சைட்டில் போட்டிருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பெரும்பாலும் 'விசில் புளோயர் பாலிசி' என்ற பெயரில், முதலீட்டாளர்களுக்கான பக்கத்தில், ஒரு பி.டி.எஃப் ஃபைலாக இருக்கும்.